மிச்சமான நேரம்

கம்ப்யூட்டர் ப்ரோகிராமின் புது வெர்ஷனை ஏற்றிய அன்று அவளுக்கு அழுகைதான் வந்தது. பல வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு தட்டிய பொத்தான் எதுவும் இருந்த இடத்தில் இல்லை. அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் யாரோ அடுக்களையில் புகுந்து உப்பு டப்பாவைப் பரணிலும் கரண்டியைக் கட்டிலுக்கு அடியிலும் ஒளித்து வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

அது அச்சு செய்யும் பட்டறை. குழந்தைகளின் செருப்புக்கு அடிப்பாகம் வார்க்கிற இரும்பு அச்சுகள்தான் பெரும்பாலும். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் அவளுடைய மேஜை, கம்ப்யூட்டர். அந்தப் பக்கம் பெரிய மில்லிங் மெஷின் ஒன்றும் சின்ன மெஷின்கள் இரண்டும். திரையில் அவள் செருப்பை வரைவாள். பிறகு அந்த வடிவத்தை இரும்பில் குடைவதற்கு மெஷினின் கட்டர் எந்த வழியாகப் போக வேண்டும் என்று பாதை போடுவாள். பட்டறையில் அவளைவிட வயதில் பெரியவர்கள்கூட அவளைக் கம்ப்யூட்டர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

புது வெர்ஷனைக் கற்றுக்கொடுக்க வந்தவர் கழுத்தில் டை கட்டியிருந்தார். அவள் கேட்ட கேள்விக்கெல்லாம் முதலாளியின் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார். ரெண்டு தடவை பொறுத்தாள். மூன்றாவது தடவை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் ரெண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். அதற்கு அப்புறம் அவருக்கு வேறு எங்கேயும் பார்க்க வழியில்லை.

அழுகை ஒரு வாரம் நீடித்தது. பிறகு மெதுவாகப் பிடிபட்டது. பிடிபட்டதும் விட மனசில்லை. மதிய சாப்பாட்டை மடியில் வைத்துக்கொண்டே ஒரு கையால் மவுஸை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

பழைய வெர்ஷன் போடும் பாதையில் கட்டர் மூலையில் திரும்பும்போதெல்லாம் அதன் மேல் சுமை சட்டென்று ஏறும். அந்த நாலு மூலைக்குப் பயந்து முழுப் பாதையையும் மெதுவாக ஓட்ட வேண்டும். புது வெர்ஷன் மூலைகளை வளைத்து வளைத்துப் போய், எங்கேயும் சுமை கூடாமல் பார்த்துக்கொண்டது. அதனால் கட்டர் ஆழமாக இறங்கலாம், வேகமாகவும் ஓடலாம். பெரிய கட்டர் எந்தெந்த இடுக்கில் இரும்பை மிச்சம் வைத்தது என்பதையும் அது ஞாபகம் வைத்துக்கொண்டு, சின்ன கட்டரை அந்த இடங்களுக்கு மட்டும் அனுப்பியது. முன்பெல்லாம் சின்ன கட்டர் பாதி நேரம் வெறும் காற்றைத்தான் வெட்டிக்கொண்டிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, மெஷின் முழுவதும் அப்படியே திரையில் தெரிந்தது. இரும்பைப் பிடித்திருக்கும் வைஸ், கட்டரைப் பிடித்திருக்கும் ஹோல்டர், எது எதன் மேல் இடிக்கப் போகிறதோ அது முன்கூட்டியே சிவப்பாகிவிடும். கட்டர் உடைந்த சத்தம் கேட்டுக் குலை நடுங்கிய நாட்கள் அவளுக்கு நிறைய உண்டு. அந்தச் சிவப்பைப் பார்த்து அவள் திரையின் கன்னத்தைத் தடவிக் கொடுக்காத குறைதான்.

முதல் புதுப் பாதையை ஓட்டியவர் காலை ஷிஃப்ட் ஆபரேட்டர். வாய் ஓயாமல் பேசுவதால் அவருக்கு ரேடியோ என்று பெயர். விரலை மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானின் மேலேயே வைத்துக்கொண்டு ஓட்டினார். மெஷின் வழக்கமாக முனகும். அன்றைக்குச் சீரான ஒரே சத்தம். இரும்புச் சுருள்கள் எல்லாம் ஒரே அளவில், கருநீலமாகக் கொட்டின. ரேடியோ வாயை மூடிக்கொண்டு பார்த்தார். அதைப் பார்த்து மற்றவர்கள் பயந்துபோய் என்ன ஆச்சு என்று ஓடி வந்தார்கள். சாயங்காலம் தாண்டியும் இழுக்கிற அச்சு, மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. முதலாளி அச்சுக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். எல்லோருக்கும் டீ சொன்னார். வீட்டுக்குப் போய் அவள் மாமியாரிடமும் வீட்டுக்காரரிடமும் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அந்தச் சந்தோஷம் மாசக் கடைசி வரைக்கும் தாங்கவில்லை. அடுத்த மாசத்தோடு ரெண்டாவது ஷிஃப்டை நிறுத்தப் போவதாக ரேடியோதான் வந்து சொன்னார். வேலையெல்லாம் பகலிலேயே முடிந்துவிடுகிறதே, அப்புறம் எதற்கு இன்னொரு ஆள் என்று முதலாளி சொல்லிவிட்டாராம்.

அந்த இன்னொரு ஆள் ஒட்டகம், சாயங்காலம் வந்து நடுராத்திரி வரை மெஷினை ஓட்டுகிறவன். நெட்டையாக, நீண்ட கழுத்தோடு இருப்பான். ஷிஃப்ட் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் நிற்பான் என்பதால் பெயர் இன்னும் பொருத்தமாகிவிட்டது. ரேடியோவுக்கும் அவனுக்கும் ஆகாது. சுருளை அள்ளாமல் போனது யார் என்று ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் சண்டை. அவனுக்கு ரெண்டு பிள்ளைகள், ரெண்டாவது இன்னும் தவழ்கிறது.

அந்தப் பாதையைப் போட்டது அவளுடைய கை. நேராக முதலாளியின் அறைக்குப் போனாள். சீக்கிரம் டெலிவரி கொடுக்கத்தானே புது வெர்ஷன் வாங்குவதாகச் சொன்னீர்கள் என்று கேட்டாள். அதற்கும்தான் என்றார் அவர். ஆளைக் குறைக்கவும் என்று அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். அதையெல்லாம் யோசிக்க வேண்டியது என் கவலை, உன் மேஜையில் வேலை இருக்கிறதா இல்லையா என்றார்.

"அப்போ நாளையிலேர்ந்து பழைய பாதைதான் சார் வரும்," என்றாள்.

அவர் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தார்.

மறுநாள் அவள் போட்டது பழைய பாதைதான். புது வெர்ஷனிலும் பழைய முறைகள் ஒரு மூலையில் இருக்கத்தான் செய்தன. மறைக்கவும் இல்லை. பழைய பாதை, வேண்டுமென்றே போட்டது என்று அதன் தலைப்பிலேயே எழுதினாள். மெஷின் முன் மாதிரியே முனகிக்கொண்டு ஓடியது, சாயங்காலம் வரை.

முதலாளி கண்ணாடித் தடுப்பு அதிர வந்து நின்றார். அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேலையை விட்டு அனுப்பிவிடுவேன் என்றார். அனுப்புங்கள், காரணத்தை எழுதிக் கொடுத்து அனுப்புங்கள் என்றாள். அவர் எதையும் எழுதவில்லை, போய்விட்டார். மூன்று நாள் இப்படியே ஓடியது.

நாலாவது நாள் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஒட்டகம் நேராக அவளுடைய மேஜைக்கு வந்தான். நன்றி சொல்ல வருகிறான் என்று நினைத்தாள். அவன் முகம் கடுகடுவென்று இருந்தது.

"எனக்காக நீங்க எதுக்கு அக்கா மல்லுக்கு நிக்கிறீங்க? நான் கேட்டேனா?"

"நீ கேக்கல. ஆனா அந்தப் பாதையைப் போட்டது நான்தானே."

"நல்ல பாதையைத்தானே போட்டீங்க. அதைப் போய் நிறுத்தி வெச்சிருக்கீங்க. பழைய பாதையில மெஷின் முனகுறதைக் கேட்டா எனக்குப் பல்லு கூசுது. அது வேகமா ஓடட்டும் அக்கா. வேகமா ஓடினா நான் ஏன் வேலையை விட்டுப் போகணும்? அதை மட்டும் யாரும் கேக்க மாட்டேங்கிறீங்க."

சொல்லிவிட்டு அவன் மெஷினுக்குப் போய்விட்டான். அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். கோபத்தைத் தப்பான இடத்தில் காட்டிக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ப்ரோகிராம் நேரத்தை மிச்சம் பிடித்தது, அது அதன் வேலை. அந்த நேரத்தை யார் எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்பதைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

மறுநாள் காலை முதலாளியிடம் போய்ப் புதுப் பாதையே போடுகிறேன் என்றாள். ஆனால் ஒட்டகம் இருக்க வேண்டும், மிச்சமான நேரத்தை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்றாள். காலை ஆள் மதியத்தோடு போகலாம், ஒட்டகம் மதியம் வந்து சாயங்காலத்தோடு போகலாம், ரெண்டு பேருக்கும் சம்பளம் அப்படியே இருக்க வேண்டும்.

முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். அரை நாள் வேலைக்கு முழுச் சம்பளம் கொடுக்க நான் என்ன தர்ம சத்திரமா நடத்துகிறேன் என்றார். முன்னே எத்தனை அச்சு செய்தார்களோ இப்போதும் அத்தனை செய்கிறார்கள், அதில் எது பாதி என்று அவள் கேட்டாள்.

"நீ போடலைன்னா என்ன? நான் போட்டுக்கறேன். எழுந்திரு," என்றார்.

அவள் எழுந்தாள். ப்ரோகிராமுக்கு இருந்தது ஒரே ஒரு லைசென்ஸ், அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான். அவர் உட்கார்ந்தார். தடுமாறுவார், அரை நாளில் கூப்பிடுவார் என்று அவள் உள்ளுக்குள் கணக்குப் போட்டிருந்தாள். கணக்கு பிசகியது. அந்தக் காலத்தில் தன் கையால் அச்சு செய்து முன்னுக்கு வந்தவர் அவர். ஒன்றிரண்டு இடத்தில் திரை சிவந்தது, கட்டரை மாற்றிப் போட்டுச் சரிசெய்துகொண்டார். ரெண்டே நாளில் அவர் போட்ட பாதையும் நன்றாகத்தான் இருந்தது. அவளே குறை சொல்ல முடியாத அளவுக்கு இருந்தது.

அவளுக்கு ஒரு ஸ்டூல் மிஞ்சியது. தினமும் நேரத்துக்கு வந்து, பையை மாட்டிவிட்டு, சுவரோரமாக அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். போவோர் வருவோர் எல்லோரும் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிவிட்டு உட்கார்ந்திருப்பவள் மாதிரி இருந்தது அவளுக்கு. முதுகு வலித்தது. வெட்கமாகவும் இருந்தது.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் வீட்டுக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டார். யாருக்கோ பரிந்து பேசப் போய் நம் சோற்றில் நாமே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வதா என்றார். அவளும் பதிலுக்கு ஏதோ சொன்னாள். பேச்சு தடித்தது. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த மாமியார் அதுவரை வாயைத் திறக்கவில்லை. சாதாரணமாக மருமகள் கிழக்கே போகச் சொன்னால் மேற்கே போகிற மாமியார்.

"அவரு உன்னைப் போகச் சொல்லிட்டாரா?" என்று கேட்டார்.

"இல்ல அத்தை. ஸ்டூல்ல உக்கார வெச்சிருக்காரு."

"அப்போ போய் உக்காரு. அவர் வாயால போன்னு சொல்ற வரைக்கும் நீயா எழுந்து வராதே."

வீட்டுக்காரர் அம்மாவை ஆச்சரியமாகப் பார்த்தார். மாமியார் வெண்டைக்காயைத் தொடர்ந்து நறுக்கினார். மறுநாள் டிபன் பையோடு ஒரு சின்ன மெத்தையையும் மடித்து வைத்துக் கொடுத்தார், ஸ்டூலில் போட்டுக்கொள்ள.

அடுத்த திங்கட்கிழமை ஒரு விசித்திரம் நடந்தது. முதலாளி போட்ட பாதை மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் மதியம் ஆகியும் அச்சு பாதிகூட முடியவில்லை. அவர் திரையில் நேரத்தைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், எழுந்து போனார். மெஷினின் முகப்பில் ஒரு குமிழ் இருக்கும். ப்ரோகிராம் என்ன வேகம் சொன்னாலும், அந்தக் குமிழைத் திருப்பி ஆபரேட்டர் குறைத்துக்கொள்ளலாம். ஏதாவது சந்தேகமாக இருந்தால் மெதுவாக ஓட்டிப் பார்ப்பதற்கு வைத்திருப்பது. அது பாதியில் நின்றது.

முதலாளி அதைத் திருப்பி முழு வேகத்துக்கு வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் சத்தம் மறுபடி இறங்கியது. மறுபடி போனார். குமிழ் பாதியில் இருந்தது. ரேடியோ மேலே விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் குறைத்தாய் என்று கேட்டதற்கு, சத்தம் ஒரு மாதிரியாக இருந்தது, பயமாக இருந்தது என்றார் ரேடியோ. சாயங்காலம் ஷிஃப்ட் மாறி ஒட்டகம் வந்தான். அவனுக்கும் பயமாக இருந்ததாம். தான் முழு வேகத்தில் வைத்தால் ரேடியோவுக்குச் செய்கிற துரோகம் அல்லவா என்று பிற்பாடு அவளிடம் சொன்னான்.

முதலாளி குமிழுக்குப் பக்கத்திலேயே நிற்கலாம். நின்றால் வேகம் குறையாது. ஆனால் அவர் அங்கே நின்றால் அடுத்த அச்சுக்குப் பாதை போட நாற்காலியில் ஆள் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் குமிழ் இறங்கிவிடும். ரெண்டு நாள் அவர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடினார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவள் மெத்தை போட்ட ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. பாவமாகவும் இருந்தது.

தண்ணீர் பிடிக்கப் போகிற சாக்கில் ரேடியோவிடம் கேட்டாள், உங்களுக்கு அவனைக் கண்டாலே ஆகாதே, நீங்கள் எதற்கு இதில் இறங்கினீர்கள் என்று.

"அவன் போயிட்டா நான் யாரோட சண்டை போடுறது?" என்றார் ரேடியோ. பிறகு, "இன்னும் கொஞ்ச நாள்ல இதைவிட வேகமா ஒண்ணு வரும். அன்னைக்கு இந்த மனுஷன் என்னை மட்டும் விட்டு வைப்பாராம்மா?" என்றார்.

புதன்கிழமை மத்தியானம் முதலாளி நாற்காலியைத் திருப்பிப்போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். அவருடைய கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. மூன்று பேரையும் சேர்த்து அனுப்ப எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது என்றார். அனுப்பிவிட்டு இந்த வயதில் புது ஆளைத் தேடிப்பிடித்துப் பழக்க என்னால் முடியாது என்று அவரே சொல்லிக்கொண்டார்.

"ஆள் குறைக்கிறது காசுக்குன்னுதானே எல்லாரும் நினைக்கிறீங்க?" என்றார். "ரெண்டாவது ஷிஃப்ட் ஆரம்பிச்ச நாளிலேர்ந்து போன் என் தலைமாட்டுல இருக்கு. கட்டர் உடைஞ்சுது, ஆயில் ஒழுகுது, கரண்ட் போச்சுன்னு எப்போ மணி அடிக்கும்னு தெரியாது. என் வீட்டம்மா வேற ரூம்ல போய்ப் படுத்துக்கறா. நான் தூங்கணும்மா. அவ்வளவுதான்."

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. இத்தனை நாள் இதைச் சொல்லாமல் கவலை என்னுடையது என்று சொன்ன மனிதர் மேல் கோபம் கூடத்தான் செய்தது. ஆனாலும் அந்தக் குரலில் பொய் இல்லை.

"தூங்குங்க சார். யாரு வேண்டாம்னாங்க?" என்றாள். "மெஷின் சாயங்காலமே நின்னுடும். ஒட்டகம் இருட்டுறதுக்குள்ள வீட்டுக்குப் போயிடுவான். அதுக்கப்புறம் உங்களுக்கு யாரும் போன் பண்ணப் போறதில்ல. உங்களுக்குத் தூக்கம் கிடைக்கும், ரேடியோ அண்ணனுக்கு மத்தியானம் கிடைக்கும், அவனுக்குப் புள்ளைங்க முழிச்சிருக்கும்போது பாக்கக் கிடைக்கும். புது வெர்ஷன் மிச்சம் பிடிச்ச நேரம் சார் அது. அதை நீங்க ஒருத்தரே எடுத்துக்கிட்டா எப்படி?"

அவர் மெஷினின் பக்கம் பார்த்தார். அது பாதி வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு பேரம் ஆரம்பித்தது. ஆறு மாசம் பார்ப்பேன், சரிவராவிட்டால் ஆளைக் குறைப்பேன் என்றார். பார்க்கலாம் என்றாள். ஒரு அச்சுகூடத் தேதி தவறக் கூடாது என்றார். தவறாது என்றாள். அவசர ஆர்டர் வந்தால் ரெண்டு பேரும் முழு நேரம் நிற்க வேண்டும் என்றார். அதற்குத் தனிச் சம்பளம் உண்டென்றால் நிற்பார்கள் என்றாள். சுருளை யார் அள்ளுவது என்பதில் நான் தலையிட மாட்டேன் என்றார். அதற்கு அவளும் ஒப்புக்கொண்டாள்.

அவர் எழுந்து மெஷினுக்குப் போனார். அவர் கை வைப்பதற்கு முன்னால் ரேடியோவே குமிழைத் திருப்பினார். சத்தம் சீராக ஏறியது. அவள் மறுபடி தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மறு வாரத்திலிருந்து ஒட்டகம் மதியம் வந்து சாயங்காலம் போனான். அவளிடம் வந்து எதுவும் சொல்லவில்லை. தவழ்கிற குழந்தை இப்போது பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று ஒரு நாள் போகிற போக்கில் சொன்னான், அவ்வளவுதான். முதலாளி மட்டும் அவளோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார். வேலை இருந்தால் காகிதத்தில் எழுதி மேஜையில் வைத்துவிட்டுப் போனார். எல்லோருக்கும் வரும் டீ அவளுடைய மேஜைக்கு மட்டும் ஆறிப்போய் வந்தது. அவள் அதைக் குடித்தாள்.

ரெண்டு மாசம் கழித்து ஒரு நாள் அவர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். கண்ணுக்குக் கீழே கறுப்பு குறைந்திருந்தது. அன்றைக்கு ஆட்கள் பார்க்க நீ என்னிடம் பேரம் பேசியதை நான் மறக்கவில்லை என்றார். மறக்க வேண்டாம் என்றாள் அவள்.

"நீ ஜெயிச்சுட்டேன்னு மட்டும் நினைச்சுக்காதே."

"எங்கே சார் ஜெயிச்சேன்? அவங்க ரெண்டு பேருக்கும்தான் நேரம் குறைஞ்சுது. எனக்கு இன்னும் பழைய நேரம்தான். என் வேலையும் மத்தியானமே முடிஞ்சுடுது." அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். அன்றைய பாதைகள் எல்லாம் முடிந்து, எங்கேயும் சிவப்பில்லாமல் நின்றன. "அதைப் பத்தி எப்போ பேசலாம்னு சொல்லுங்க."

அவர் திரையைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.